அனுமதிப் பட்டியலே, நீ வாழ்க!

பழைய லேப்டாப்பைத் துவக்கும் பயாஸுக்குள் குடியிருக்கும் அனுமதிப் பட்டியலே, உன் புகழைப் பாட ஆளில்லாமல் போனது பெருங்குறை. ரேம் கூட்டுவதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. எஸ்எஸ்டி போட்டால் வேகம் பிறக்கும் என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. வைஃபை கார்டு செருகும் ஸ்லாட்டின் வாசலில், பட்டியலில் இல்லாத கார்டை உள்ளே விடாமல், ஆண்டுக்கணக்காகக் கண் இமைக்காமல் காவல் நிற்கும் உன்னை மட்டும் யாரும் வாய்திறந்து பாராட்டுவதில்லை. கார்டு மாற்றிப் பார்த்தவர்கள் உன்னை அறிவார்கள். அறிந்தபின் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

உன் குலப்பெருமை சிறியதன்று. ஐபிஎம் நிறுவனம் திங்க்பேட் செய்துகொண்டிருந்த நாளிலேயே, மினி பிசிஐ கார்டுகளின் காலத்திலேயே, நீ பிறந்துவிட்டாய். 2005-இல் அந்தத் தொழில் லெனோவோவின் கைக்குப் போனபோது சொத்தோடு சொத்தாக நீயும் போனாய். எச்பி லேப்டாப்புகளிலும் உனக்குப் பங்காளி உண்டு; அங்கே உன் மறுப்புக் குரல் 104 என்ற பிழை எண்ணோடு ஒலிக்கும், திங்க்பேடில் 1802. தொடக்கத்தில் உன்னிடம் ஒரு பலவீனம் இருந்தது. பயாஸ் அமைப்புகள் இருக்கும் சீமாஸ் நினைவகத்தில் 6ஏ என்ற முகவரியில் ஒரே ஒரு பிட்டை மாற்றி எழுதினால், மறுபேச்சில்லாமல் வழிவிட்டாய். காவலின் பாரம் முழுவதும் ஒரு பிட்டின் மேல்! பின்வந்த தலைமுறைகளில் அந்த வழியையும் அடைத்து உன்னைச் செப்பனிட்டார்கள். லேப்டாப்பைக் காசு கொடுத்து வாங்கியவரிடமிருந்து லேப்டாப்பைக் காக்க இவ்வளவு உழைத்தார்களே, அந்தச் சிரத்தையை எப்படிப் புகழாமல் இருப்பது?

உன் திறமை முழுதாக வெளிப்பட்டது திங்க்பேட் எக்ஸ்230-இல். 2012-இல் வந்த லேப்டாப் அது. 12.5 அங்குலத் திரை, இன்டெலின் மூன்றாம் தலைமுறை ப்ராசஸர், ரேம் 16 ஜிபி வரை ஏற்கும், விழுந்தாலும் எளிதில் உடையாத உடம்பு. அலுவலகங்கள் கழித்துவிட்ட இப்படிப்பட்ட லேப்டாப்புகள்தான் சென்னையின் ரிச்சி தெரு போன்ற இடங்கள் வழியாகக் கைமாறி, புதியது வாங்க முடியாத மாணவர்களிடம் வந்து சேர்கின்றன. எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றினால் பாடம் படிக்கவும் நிரல் எழுதவும் இன்றும் தாராளமாகப் போதும்.

வைஃபைதான் இடிக்கும். எக்ஸ்230-களில் பலவும் இன்டெல் சென்ட்ரினோ வயர்லெஸ்-என் 2200 கார்டோடு வந்தவை. அதற்குத் தெரிந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்றுதான். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் சுற்றியுள்ள அத்தனை வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கும்போது, ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் முகம் உறைந்து நிற்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆகவே அந்த மாணவர்களில் ஒருவர் இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் கார்டு ஒன்றைத் தேடுகிறார். 2013-இல் வந்த இன்டெல் வயர்லெஸ்-ஏசி 7260 அவர் கண்ணில் படுகிறது. அதே அரை மினி பிசிஐஇ அளவு: 30 மில்லிமீட்டர் அகலம், 26.8 மில்லிமீட்டர் நீளம். அதே 52 பின். ஆன்டெனா வயர் மாட்டும் அதே இரண்டு பொத்தான்கள். செய்தவரும் அதே இன்டெல்.

கீபோர்டையும் அதை அடுத்த பாம்ரெஸ்டையும் கழற்றுகிறார். சாம்பல் நிற வயரையும் கறுப்பு வயரையும் நகத்தால் நெம்பி எடுக்கிறார். பழைய கார்டை உருவிவிட்டுப் புதியதைச் சாய்த்துச் செருகி, ஸ்க்ரூவை முடுக்கி, வயர்களை மாட்டிப் பவர் பட்டனை அழுத்துகிறார். அப்போது நீ பேசுகிறாய். 1802: அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு செருகப்பட்டிருக்கிறது, பவரை அணைத்துவிட்டு அதை எடுத்துவிடு. அவ்வளவுதான். விண்டோஸும் வராது, லினக்ஸும் வராது.

வேறொரு காவலாக இருந்தால் பிடிக்காத அந்தக் கார்டை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்க விட்டிருக்கும். உன் நேர்மை அப்படிப்பட்ட சமரசத்துக்கு இடம்கொடாது. திரை நன்றாக இருக்கிறது, டிஸ்க் நன்றாக இருக்கிறது, மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய பாடம் அதற்குள் இருக்கிறது. இருந்தாலும் கார்டு வெளியே போகும்வரை முழு லேப்டாப்பும் நிற்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறாய். குற்றத்துக்கும் தண்டனைக்கும் உள்ள தொலைவைப் பொருட்படுத்தாத உறுதி உன்னுடையது.

உன் கண்கூர்மையைத் தனியாகச் சொல்லவேண்டும். ஒவ்வொரு கார்டும் நான்கு அடையாள எண்களைத் தாங்கி வருகிறது. சிப் செய்த நிறுவனத்தின் எண் ஒன்று. இன்டெல்லுக்கு அது 8086. எந்த மாடல் என்பதற்கு ஒன்று. அந்தக் கார்டை யாருடைய லேப்டாப்புக்காகத் தயாரித்தார்கள் என்று சொல்லும் எண்கள் இன்னும் இரண்டு. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளை இவற்றை வரிசையாகக் காட்டும். இன்டெல் அல்டிமேட்-என் 6300 கார்டை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்230-ஐ அந்தக் கார்டோடு லெனோவோவே விற்றது. ஆனால் வேறொரு பிராண்டு லேப்டாப்பிலிருந்து கழற்றிய 6300-ஐச் செருகினால் நீ ஏற்கமாட்டாய். சிப் ஒன்று, ரேடியோ ஒன்று, காற்றில் அனுப்பும் அலையும் ஒன்று. அடையாள எண்ணில் மட்டும் வேறுபாடு. அந்த வேறுபாட்டைப் பவர் போட்ட சில விநாடிக்குள் கண்டுபிடிக்கிறாயே, உன்னைப் போல் நுணுகிப் பார்ப்பவர் யார்!

நீ சட்டத்துக்கு அஞ்சி நடப்பவன் என்றும் உன்னை ஆக்கியவர்கள் பக்கத்தில் சொல்வார்கள். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிப்படி ரேடியோ கருவியை அதன் ஆன்டெனாவோடு சேர்த்துச் சோதித்துச் சான்று பெறவேண்டும், சோதிக்காத கார்டு உள்ளே வந்தால் சான்று என்னாகும் என்பது அவர்கள் வாதம். மதிக்கவேண்டிய வாதம். அந்த மதிப்போடு எக்ஸ்230-இன் பக்கவாட்டைப் பார்க்கிறேன். அங்கே எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் இருக்கிறது. மினி பிசிஐஇ-யில் ஓடும் அதே பிசிஐ எக்ஸ்பிரஸும் யுஎஸ்பியும்தான் அதிலும் ஓடுகின்றன. அதில் எந்த வைஃபை கார்டைச் செருகினாலும் உன்னிடமிருந்து ஒரு முனகல்கூட வராது. யுஎஸ்பி போர்ட்டில் பேர் தெரியாத கம்பெனியின் வைஃபை டாங்கிளைச் செருகினாலும் அப்படியே. உள்ளே சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்லாட்டுக்கு மட்டும் சட்டத்தைக் காக்கிறாய். அதே சட்டத்தின் கீழ் லாட்டிட்யூட் லேப்டாப்புகளை விற்ற டெல், உன்னைப் போன்ற ஒருவனை வேலைக்கு வைக்கவில்லை. உன் பக்தி எத்தனை அரியது என்பது அந்த ஒப்பீட்டில் தெரிகிறது.

சொன்ன சொல் மாறாதவன் நீ. 7260 பின்பற்றும் 802.11ஏசி வைஃபை தரத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2013 டிசம்பரில். உன்னை எழுதியது அதற்கு முன்னால். அதனால் அந்தத் தரமே உலகில் இல்லை என்பது உன் முடிவு. இன்றுவரை அதில் மாற்றமில்லை. 2018-இல் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டைக்காக எக்ஸ்230-க்கும் பயாஸ் திருத்தம் வந்தது. ஆக, பயாஸைத் திறந்தார்கள், திருத்தினார்கள், சோதித்தார்கள், வெளியிட்டார்கள். உன்னில் ஒரு வரி சேர்க்கவும் இல்லை, ஒரு வரி நீக்கவும் இல்லை. ஆறு வயதான லேப்டாப்பின் பாதுகாப்பை நினைத்தவர்கள் அதன் ஆயுளை நினைக்கவில்லை.

நல்லாசிரியன் என்ற பட்டமும் உனக்குத் தகும். ஒரு கார்டு மாற்றப் புகுந்தவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாய்! எக்ஸ்230-இல் பயாஸ் இரண்டு ஃப்ளாஷ் சிப்பில் இருக்கிறது, ஒன்று 8 எம்பி, மற்றது 4 எம்பி. அவற்றின் எட்டுக் கால்களில் கிளிப் மாட்டி, சிஎச்341ஏ ப்ரோகிராமரால் உள்ளிருப்பதைப் படித்து, ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கோர்பூட் என்ற திறமூல ஃபர்ம்வேரை எழுதுகிறார்கள். கோர்பூட்டில் உனக்கு இடமில்லை. 7260 முதல் முயற்சியிலேயே உயிர்பெறும். வன்பொருளில் குறையே இருந்ததில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் இந்தப் பாடத்தைப் படிக்க எல்லாராலும் ஆகாது. எழுதும்போது கிளிப் நழுவினால் லேப்டாப் எழுந்திருக்காது. கையில் இருப்பது ஒரே லேப்டாப் என்ற நிலையில் உள்ள பிள்ளைக்கு அந்தத் துணிச்சலைக் கற்றுக்கொடுப்பது நியாயமா? அப்படிப்பட்டவர் டாங்கிள் வாங்குகிறார். அது பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது, பையில் வைக்கும்போது இடிபட்டு ஆடத் தொடங்குகிறது, போர்ட்டும் தளர்கிறது. கடைசியில் லேப்டாப்பே பழசாகிவிட்டது என்ற பெயரோடு பழைய இரும்புக்குப் போகிறது. புதிய லேப்டாப் ஒன்று விற்கிறது. உன்னால் யாருக்குமே பயன் இல்லை என்று சொன்னால் அது பொய்.

உன்னைப் புகழ்ந்தது போதும். உன் வாசலுக்கு வரப்போகிறவர்களிடம் இரண்டு வார்த்தை.

கார்டு வாங்குவதற்கு முன் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். 2013-க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் மினி பிசிஐஇ இருக்கும். பின்னர் வந்தவற்றில் எம்.2, 22-க்கு 30 மில்லிமீட்டர். எம்.2-வின் ஆன்டெனாப் பொத்தான் இன்னும் சிறியது, பழைய வயர் அதில் உட்காராது. எம்.2 வாங்குபவர்கள் இன்டெலின் ஏஎக்ஸ்200-ஐயும் ஏஎக்ஸ்201-ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் 201-க்குத் தேவையான பாதி வேலை இன்டெலின் புதிய சிப்செட்டுக்குள் இருக்கிறது. பழைய லேப்டாப்பில் அது வெறும் பச்சைப் பலகை. ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 விஷயமும் இப்படித்தான்: பழைய லேப்டாப்புக்கு ஒற்றைப்படை எண் கொண்டவை ஆகாது, 200-உம் 210-உம்தான் சரி. லினக்ஸ் மட்டுமே ஓட்டுகிறவர்கள் ஏத்9கே டிரைவரில் ஓடும் ஏதெரோஸ் கார்டுகளையும் பார்க்கலாம். அவற்றுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பு தேவையில்லை.

பழைய திங்க்பேடோ எச்பியோ வைத்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டியலைப் பாருங்கள். அந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேட்டில் ஏற்கும் கார்டுகளின் உதிரிபாக எண்கள் இருக்கும். கார்டின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் அதே எண் இருக்கிறதா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள். இன்டெல் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. எக்ஸ்230-க்குப் பயாஸைத் தொடாமல் 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமானால், லெனோவோ எண்ணுள்ள இன்டெல் அட்வான்ஸ்டு-என் 6205 வாங்குங்கள். அது 300 எம்பிபிஎஸ் வரை போகும். 7260-இன் 867-க்கு அது ஈடில்லைதான், ஆனாலும் வகுப்பு உறையாது.

லேப்டாப் செய்யும் நிறுவனங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரு மாடலுக்கு ஆதரவை நிறுத்தும் நாளில் கடைசியாக ஒரு பயாஸ் திருத்தம் வெளியிடுங்கள், அதில் இந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள். உத்தரவாதக் காலம் முடிந்தபின் அந்த ஸ்லாட்டில் எதைச் செருகுவது என்பது காசு கொடுத்து வாங்கியவரின் முடிவு.