தோற்பதற்கு ஒரு வக்கீல்

அமெரிக்க சர்க்காரைப் போல தர்மவான் உண்டா? ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போடுவதும் அதுவே, எதிர்த்து வாதாட ஏழைக்கு வக்கீல் கொடுப்பதும் அதுவே. ‘பப்ளிக் டிஃபெண்டர்’ என்று பெயர். இரு தரப்புக்கும் ஒரே கஜானா. பணம் குறைந்தால் யார் வயிறு முதலில் காயும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஃபெடரல் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் உண்டு என்று 1938-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வக்கீலுக்குக் கூலி கொடுக்கும் சட்டம் வந்தது 1964-இல். நடுவில் இருபத்தாறு வருஷம் உரிமை பட்டினி கிடந்தது.

இப்போது சம்பளம் உண்டு. வேலை? தண்டனை அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு பேரம் படிப்பது. முன்வழக்கு எதுவும் இல்லாதவர், குற்றத்தின் கனத்தைக் காட்டும் படிகளில் முப்பதாம் படியில் நின்றால் 97 முதல் 121 மாதம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்று படி இறங்கலாம்: 70 முதல் 87 மாதம். அந்த மூன்றாவது படிக்கு பிராசிக்யூட்டர் மனசு வைக்க வேண்டும். விசாரணை கேட்பது அரசியல் சாசன உரிமைதான். கேட்டுத் தோற்றால் விலை இரண்டு வருஷத்துக்கு மேல். தண்டனை பெறுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒப்புக்கொண்டே உள்ளே போவதில் என்ன அதிசயம்?

இத்தனைக்கும் நடுவில் கட்சிக்காரர் கேட்பார்: “நீங்க நிஜ வக்கீலா, சர்க்கார் கொடுத்த வக்கீலா?”

சர்க்காருக்கும் அதே சந்தேகம்தான் போலிருக்கிறது. 2013-இல் செலவைக் குறைத்தபோது டிஃபெண்டர்களைச் சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரவைத்தார்கள். பிராசிக்யூட்டர்கள் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள். 2025 ஜூலையில், ஏழைகளுக்காக கோர்ட் நியமித்த தனியார் வக்கீல்களுக்கான பணம் தீர்ந்தது. பில்கள் மாதக்கணக்கில் தூங்கின. கைது செய்யப் பணமில்லை என்று யாராவது சொன்னார்களா?

மரியாதைக்கும் குறைவில்லை. டிஃபெண்டராக இருந்த கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் 2022-இல் உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போகப் புறப்பட்டபோது, நாஜிகளுக்கும் இவர் வாதாடியிருப்பார் என்கிற தொனியில் பேசினார் செனட்டர் டாம் காட்டன். பிராசிக்யூட்டர் வேலை நீதிபதி நாற்காலிக்கு ஏணி. ஏழைக்கு வாதாடியது மட்டும் குற்றப்பின்னணி!

“வக்கீல் வைத்துத்தானே தண்டித்தோம்” என்று சொல்லிக்கொள்ள, சர்க்காரே, உங்களுக்குக் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தில் ஒரு கோட்டு நிற்க வேண்டும். உங்கள் யோக்கியதைக்கு அவர்தான் சர்டிஃபிகேட். அந்தக் கூலியையாவது பாக்கி வைக்காமல் கொடுத்துத் தொலையுங்கள்.