சுருட்டை முடி மைனி

சுருட்டை முடி சோறு போடும் என்பார்கள். வாசுதேவநல்லூரில் எங்கள் தெரு மைனி விஷயத்தில் அது நேர்மாறாகிவிட்டது. முடிக்கு மைனிதான் சோறு போடுகிறார். வடிகஞ்சி, கெட்டித் தயிர், நாட்டுக்கோழி முட்டை, தோல் கறுத்த வாழைப்பழம் என்று அந்த வீட்டில் எது இருந்தாலும் முதல் பந்தி தலைக்கு. மனிதர்களுக்கு இரண்டாம் பந்தி. "ஆம்லெட் இல்லையாம்மா?" என்று கேட்ட பிள்ளைக்கு, "முடிக்குப் புரோட்டீன் குறைஞ்சுபோச்சுல்லா, நாளைக்குப் போட்டுத் தாரேன்" என்று பதில் வந்தது.

மைனி என்று ஒருமையில் சொல்கிறேனே தவிர, இது ஓர் ஆள் அல்ல, ஓர் இனம். சிவகிரியிலும் இருக்கிறார், புளியங்குடியிலும் இருக்கிறார், உங்கள் தெருவிலும் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்குமுன் உச்சந்தலையைப் பார்ப்பார். "சௌக்கியமா?" என்று கேட்க வேண்டிய இடத்தில் "என்ன ஷாம்பு போடுதீங்க?" என்பார். மேலத்தெருத் துஷ்டி வீட்டில் நடந்ததைச் சொன்னால் போதும். கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த மைனி, மூக்கை உறிஞ்சும் இடைவெளியில், மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாளின் காதருகே, "வாசம் நல்லாருக்கே, என்ன கண்டிஷனர்?" என்றார். அந்த அம்மாளும் அழுகையை நிறுத்தாமலே பெயரைச் சொன்னார். அவரும் அதே இனம்.

எல்லாம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் தொடங்கியது. சுருட்டை முடியில் அலங்காரம் நிற்காது, நேராக்கினால்தான் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று பியூட்டி பார்லரில் சொன்னார்கள். நேராக்கினார்கள். தலைமுடி கெரட்டின் என்ற புரதம். அதற்குள் கந்தகப் பிணைப்புகள் இருக்கின்றன. முடி சுருண்டபடி நிற்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. பார்லர் கிரீம் அந்தப் பிணைப்புகளை உடைக்கும், சூடான இரும்பு முடியைத் தட்டையாக்கும், இன்னொரு மருந்து அந்த நேரான நிலையிலேயே பூட்டுப் போடும். போட்டோவில் மைனி எடுப்பாகத்தான் இருந்தார்.

ஆனால் மண்டைக்குள் இருக்கிற வேருக்கு ரிசப்ஷன் நடந்ததே தெரியாது. அது பாட்டுக்கு மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய, பிறவிச் சுருளோடு வளர்ந்துகொண்டே இருந்தது. மேலே சுருட்டை, கீழே கோரை. எங்கள் ஊர் சிந்தாமணிநாதர் கோயிலில் சுவாமியே அர்த்தநாரீசுவரர்தான். ஒரு பாதி சடாமுடி, மறு பாதி அம்பாள் கூந்தல். அந்தக் கோலத்துக்கு ஊரே கைகூப்புகிறது. மைனி தலைக்கு மட்டும் யாரும் கைகூப்பவில்லை. "என்ன மைனி, பாதி வெந்துட்டு பாதி வேகலையா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு ஷாம்பு ஆராய்ச்சியில் இறங்கியவர்தான் மைனி, இன்னும் கரையேறவில்லை.

ஆச்சி காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. சனிக்கிழமை ஆண்களுக்கு, வெள்ளிக்கிழமை பெண்களுக்கு. நல்லெண்ணெய், சீயக்காய், வெந்நீர். ஷாம்பு என்பது பட்டணத்துப் பாட்டில் சரக்கு. அதைப் பெட்டிக்கடைக் கம்பியில் தொங்கவிட்ட பெருமை கடலூர்க்காரர்களுக்கு. சின்னி கிருஷ்ணன் என்பவர் சிறு உறையில் அடைத்து விற்கும் யோசனையைத் தொடங்கிவைத்தார். அவர் பிள்ளைகள் காலத்தில் வெல்வெட் ஷாம்பு வந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரான ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியே வந்து, அப்பா பெயரின் எழுத்துகளைச் சேர்த்து சிக் ஷாம்பு போட்டார். காலி உறை ஐந்தைக் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். கிராமத்தில் பையன்களைப் பிடித்து நடுத்தெருவில் தலைக்குத் தேய்த்துவிட்டு, "மோந்து பாருங்க" என்று சனங்களைக் கூப்பிட்டார்கள். எங்கள் மைனி அந்தக் காலத்தில் இருந்திருந்தால், கம்பெனிக்குத் தலை தேடும் வேலை மிச்சமாகியிருக்கும்.

இப்போதும் உறையில்தான் மைனியின் ஆராய்ச்சி தொடங்கும். கடைக்காரர் சரத்தில் கை வைக்கும்போதே, "அது வேண்டாம்ணே, நீலத்துக்குப் பின்னாடி ஒரு ரோஸ் தொங்குதுல்லா, அது" என்பார். உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்து, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கடைக்காரரும் பால் வாங்க வந்தவர்களும் தீர்ப்புக்காகக் காத்திருப்பார்கள். "நுரை ஜாஸ்தி. முடி காஞ்சுபோவும்" என்று வந்துவிட்டால் அந்தச் சரக்கு அந்தத் தெருவில் அதற்கப்புறம் போணியாகாது.

உறையில் தேறியது பாட்டிலுக்குப் பதவி உயர்வு பெறும். குளியலறை ஜன்னல் திட்டில் வெளிச்சம் வர இடமில்லை. பாதி தீர்ந்தவை, முக்கால் தீர்ந்தவை, அடியில் ஒட்டியிருப்பது இறங்கட்டும் என்று தலைகீழாக நிறுத்தியவை, 'கடைசியா ஒரு தடவை பார்ப்போம்' என்று தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தவை. இவற்றுக்கு நடுவே அண்ணனுடைய ஒற்றை சோப்பு. அண்ணன் தலை முழுக்க அந்தச் சோப்பைத்தான் போடுகிறார். அது போதும் என்கிற அளவுக்குத்தான் அங்கே விவசாயமும் மிச்சம்.

பெரியப்பா, அதாவது மைனியின் மாமனார், ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். கண்ணாடி போடாமல் குளிக்கப் போன ஒரு நாள் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தலையில் தேய்த்திருக்கிறார். நுரை வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினார். வரவில்லை. "ஏல, இது நுரைக்கவே மாட்டேங்கு, போலிச் சரக்கு! கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனா என்ன?" என்று உள்ளிருந்தே சத்தம். மைனி கதவுக்கு வெளியே நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். போனது கால் பாட்டில் கண்டிஷனர். அது அழுக்கு எடுக்கிற சாமான் இல்லை. அடிபட்ட முடியில் எதிர்மின்னூட்டம் ஏறியிருக்கும். கண்டிஷனரில் நேர்மின்னூட்டமுள்ள பொருள் இருக்கும். அது போய் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பான படலம் விடும். அவ்வளவுதான் அதன் வேலை. அன்று முழுக்கப் பெரியப்பா தலையில் கட்டிய துண்டு நிற்கவில்லை. கட்டக் கட்ட வழுக்கி விழுந்தது. "சரக்கு ஒரிஜினல்தான்" என்று மைனிக்கு மட்டும் திருப்தி.

பாட்டிலின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் படிப்பது மைனியின் அன்றாடப் பாராயணம். லொரைன் மாஸி என்பவர் 2001-இல் அமெரிக்காவில் வெளியிட்ட சுருள்முடிப் புத்தகத்தின் சட்டம் எப்படியோ எங்கள் தெரு வரை வந்து சேர்ந்துவிட்டது: சல்பேட் கூடாது, சிலிக்கோன் கூடாது, காய்ந்த முடியில் சீப்பு கூடாது. ஒரு நல்ல கண்டிஷனரில் 'பெஹன்ட்ரிமோனியம் மீத்தோசல்பேட்' என்று இருந்ததைப் பார்த்து, சல்பேட் இருக்கிறதே என்று அதைத் திண்ணைக்குக் கடத்தினார். பெயரில்தான் சல்பேட், குணத்தில் அது அழுக்கெடுக்கும் சல்பேட் வகை இல்லை என்று நைஜீரியப் பெண் ஒருத்தி வீடியோவில் விளக்கிய பிறகு, அது மரியாதையோடு திட்டுக்குத் திரும்பியது. இப்போது அந்தப் பெயரை மைனி மூச்சுவிடாமல் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்தான் சமயத்தில் மறந்துபோகிறது.

ஆச்சிக்கு இதெல்லாம் ஏறாது. "ஏட்டி, தேங்காயெண்ணெயத் தேச்சிட்டுக் கெட" என்பார். ஆச்சி கட்சிக்கும் ஆதாரம் உண்டு. தேங்காயெண்ணெய் முடிக்குள்ளே இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆராய்ந்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கிற கம்பெனிக்காரர்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மைனி அந்த இரண்டாவது செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர்தான் மைனியின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போனார்கள். பேரருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கொண்டுபோகக் கூடாது, தடை. மைனியின் பையைத் திறந்து பார்த்த பெண் போலீஸ், "என்னம்மா, கடை போட வந்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். வெறுந்தலையோடு பெண்கள் பக்கம் போய் நின்றார். பொதிகை மலை இறங்கி வந்து நடுமண்டையில் குத்தியது. வெளியே வந்து துவட்டினால், இத்தனை நாளில் எந்தப் பாட்டிலும் கொடுக்காத மென்மை. காரணம் பெரிய ரகசியம் இல்லை. மலையிலிருந்து வருகிற தண்ணீரில் உப்பு குறைவு. எங்கள் போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிற அதே சமாசாரம் முடியிலும் படியும். புளியங்குடி எலுமிச்சையில் நாலு சொட்டுப் பிழிந்த தண்ணீரைக் கடைசியாக ஊற்றினால் அது கொஞ்சம் கரையும். ஆனால் அவ்வளவு மலிவான வைத்தியத்தை இந்த இனம் ஏற்காது. இருபது லிட்டர் கேன்களில் குற்றாலத் தண்ணீர் வாசுதேவநல்லூர் வந்தது. வீட்டில் எல்லாரும் போர் தண்ணீர் குடிக்க, முடி மட்டும் அருவித் தண்ணீர் குடித்தது. கேன் தீர்ந்த மறுநாள் ஆடிக் காற்று அடித்தது. பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்புவதற்குள் தலை பழைய தலை.

மைனி அசரவில்லை. "பூலித்தேவனோட வாசுதேவநல்லூர்க் கோட்டையை யூசுப்கான் 1759-லேயே பிடிக்க வந்து முடியாம திரும்பிட்டான். 1761-ல திரும்ப வந்துதான் பிடிச்சான்" என்று பெரியப்பா நூறாவது தடவையாகச் சொன்னபோது, ஊரில் எல்லாரும் பூலித்தேவன் பக்கம் நிற்க, மைனி மட்டும் யூசுப்கானின் விடாமுயற்சியைப் பாராட்டினார்.

மருத்துவம் படிக்கிற என் தங்கை ஒரு நாள் நேராகவே சொல்லிவிட்டாள். "மைனி, நேராக்கின முடி பழையபடி சுருளாது. எந்த ஷாம்பும் உடைஞ்ச பிணைப்ப முன்ன இருந்த மாதிரி கட்டாது. கண்டிஷனர் மேல்பூச்சுதான். புது முடி நீளமா வரக் காத்திருங்க, இல்ல கோரைய வெட்டிருங்க. ஒரு கத்தரிக்கோல், முடிஞ்சுபோச்சு." ஆச்சி இடையில் புகுந்து, "எதுக்குட்டி வெட்டிக்கிட்டு? திருச்செந்தூர்ல மொட்டை போட்டா முருகனுக்கும் ஆச்சு" என்றார்.

மைனி சடையை முன்னால் இழுத்துப் போட்டு, நுனியைப் பாசத்தோடு பார்த்தார். "வெட்டிட்டா?" என்றார். "அப்புறம் அடுத்த மாசம் வாரத எதுல போட்டுப் பாக்க?"

ஆகவே அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைனி வீட்டுக்குப் போனால் திருநெல்வேலி அல்வா வாங்கிப் போங்கள், பூ வாங்கிப் போங்கள். ஷாம்பு வாங்கிப் போகாதீர்கள். வாங்கியே தீருவேன் என்றால் முட்டையும் ஒரு டஜன் சேர்த்து வாங்குங்கள். பிள்ளைகள் ஆம்லெட் சாப்பிட்டு நாளாகிறது.