உயிலுக்கு வக்கீல் வேண்டுமா?

கேள்வி: உயிலை நாமே எழுதிக்கொண்டால் போதாதா? வக்கீலுக்கு வேறு தண்டம் அழ வேண்டுமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: 1948-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், கானடா தேசத்து சஸ்காட்செவன் மாகாணத்தில், தம் டிராக்டரின் அடியிலேயே சிக்கிக்கொண்டு மணிக்கணக்காகக் கிடந்த குடியானவர் ஒருவர், காகிதம் அகப்படாத அந்த அவஸ்தையிலும், பையிலிருந்த பேனாக்கத்தியால் சக்கரத்தின் மேல்தகட்டிலே, தாம் இறந்தால் சர்வமும் மனைவிக்கே என்று பொறித்துக் கையெழுத்தும் கீறிவைத்தார். அவர் காலமான பிறகு நியாயஸ்தலம் அதை உயிலென்றே அங்கீகரித்தது. வக்கீல் பீஸ் மிச்சம். தகடு ஒன்றுதான் நஷ்டம்!

அதே மனிதர் கும்பகோணத்து வயலில் அகப்பட்டிருந்தால், இரண்டு சாட்சிகள் வந்து கையெழுத்திடும்வரை பிராணனைப் பிடித்துக்கொண்டிருக்க நேர்ந்திருக்கும். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுச் சட்டத்தின் நிபந்தனை அது. (முஸ்லிம்களுக்கு விதி வேறு.) முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை.

ஆகவே, ஒரு வீடு, ஒரு மனைவி, சண்டையிடாத புத்திரர்கள் என்ற அபூர்வ பாக்கியம் உமக்கு வாய்த்திருந்தால், வெள்ளைத்தாளில் நீரே எழுதும். பிதுரார்ஜிதத்தில் பங்காளி வில்லங்கமோ, பெயரை நீக்க உத்தேசித்த பிள்ளையோ இருந்தால், வக்கீலிடம் போவதே லாபம். எப்படியாயினும், சாட்சிக்கு உம்மைவிட வயதில் இளையவர்களைப் பிடியும். திண்ணையில் உம்மோடு சீட்டாடும் சமவயதுக்காரர்களைப் பிடித்தால், கோர்ட்டில் கூப்பிடும் நாளில் அவர்களும் உம்மோடு மேலுலகில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.