மூன்று புள்ளிக்குச் செய்யும் மரியாதை
ஒரு பொருளின் பண்புகளை இன்னொன்றில் கொட்ட மூன்று புள்ளி போதும் என்று 2018இல் ஜாவாஸ்கிரிப்ட் விதி வகுத்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கு அது புரியாது. ஆகவே, புது நிரலைப் பழைய உலாவிக்குப் புரியும்படி மாற்றித் தரும் பேபல் என்ற கருவி அந்தப் புள்ளிகளைப் பல வரி நிரலாக விரித்துக் கொடுக்கிறது. எவ்வளவு பண்பு! விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்டே அந்த உலாவிக்கு 2022 ஜூனில் விடைகொடுத்துவிட்டதே என்று சிலர் முணுமுணுப்பார்கள். இருக்கட்டுமே! தேவகோட்டையில் கல்யாணத்துக்கு மட்டும் முகப்புத் திறக்கும் வீட்டுக்கும் காவலாள் சம்பளம் நிற்பதில்லை, யாராவது வந்துவிட்டால்? இப்படி விரிப்பதால் நிரலின் சுமை கூடுகிறதாம். புதுக் கைபேசிகள் சுமக்கட்டும், இளவட்டங்கள்தானே! சிக்கனம் கருதி, ‘ஆப்ஜெக்ட் அசைன்’ என்ற ஒரே அழைப்பாக மாற்றித் தரவும் பேபலிடம் சொல்லலாம். எக்ஸ்ப்ளோரருக்கு அதுவும் தெரியாது. அதற்கென்று, உலாவியில் இல்லாததை ஈடுகட்டும் பாலிஃபில் என்ற நிரல் தனியாக ஒன்று இருக்கிறது. அதையும் எல்லாருக்கும் அனுப்பிவிடலாம்.