ஒற்றை மனு

கே: மேயர் பதவிக்கு ஒரே ஒருவர்தான் மனு கொடுத்தார் என்றால், அதைத் தேர்தல் என்று சொல்லலாமா?

ப: சட்டம் சொல்லும்; எனக்கு மனசு வரவில்லை. 2022 மார்ச் 4 அன்று சென்னையில் பிரியா போட்டியின்றித்தான் மேயரானார். நகரத்தின் முதல் தலித் பெண் மேயர். எவ்வளவு பெரிய விஷயம்! 200 வார்டு கவுன்சிலர்களும் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் இன்னும் இனித்திருக்கும். 2024 ஆகஸ்டில் கோவையிலும் போட்டியில்லை. அதற்கு முந்தைய நாள் நெல்லையில் மட்டும், ஆளுங்கட்சிக் கவுன்சிலர் ஒருவரே தன் கட்சி வேட்பாளரை எதிர்த்து நின்று, 30-க்கு 23 என்ற ஓட்டுக் கணக்கில் தோற்றார். பெட்டிக்கு வேலை வந்தது! 1996-ல் ஸ்டாலினைச் சென்னை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு மேயராக்கினார்கள். அந்த ஓட்டை எங்களிடமே திருப்பிக் கொடுங்கள். தெருவுக்குக் குப்பை வண்டி வராத நாளில், யாரிடம் உரிமையோடு போய் நிற்பது?