முதல் முறை ஃப்ளாப்பிக்கு

நேற்று ராத்திரி பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை கறுப்புத் திரையில் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘ஃபேட்டல்: நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்! சிஸ்டம் ஹால்ட்டட்.’ ஆச்சரியக்குறி அவர்கள் போட்டது. நான் போட்டதெல்லாம் வாயால், அச்சில் வராது.

இதற்குப் பார்க்க வேண்டியவை மூன்றே மூன்று. இந்த நிமிஷம் அதே வரியின் முன்னால் யாராவது உட்கார்ந்திருப்பீர்கள். மூன்றையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

2011-ல் அரசாங்கம் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப் ஒன்று மகள் மூலம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. சி-டாக் உருவாக்கியது, டெபியன் வம்சம். மகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் பேராவூரணி வயல் கணக்கை அதில் எழுதிவந்தேன். போன ஐப்பசி மழையில் லேப்டாப் உயிரை விட்டது. பழகிய முகத்தைத் திரும்பப் பார்க்க ஆசை. புது லேப்டாப்பில், மெஷினுக்குள் இல்லாத இன்னொரு மெஷினைக் காட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸை ஏற்றி, பாஸின் வட்டு நகலான ஐஎஸ்ஓவை விடிய விடிய இறக்கி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். நீங்கள் மட்டும் படித்துப் பார்த்துவிட்டா அமுக்குகிறீர்கள்?

முதலாவது, பூட் ஆர்டர். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் மதர்போர்டு. வரிசை அங்கே இருக்கிறது: முதலில் ஃப்ளாப்பி, அடுத்து ஆப்டிகல், கடைசியில் ஹார்ட் டிஸ்க். நம் பாஷையில் இது முறை. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊர்க்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் முதல் முறை ஃப்ளாப்பிக்கா? 1.44 எம்பி சதுரத் தகடு. ஜப்பானில் சோனியே 2011 மார்ச்சில் அதை விற்பதை நிறுத்திவிட்டது. இல்லாத மெஷினுக்குள், இல்லாத டிரைவில், கடையில் கிடைக்காத தகடு இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. எங்கள் வாய்க்காலிலும் ஒரு ஃப்ளாப்பி உண்டு. தலைமடையில் முதல் முறை ஒரு பெரிய வீட்டுக்கு. அந்த வீட்டில் ஆள் இல்லை, பிள்ளைகள் மடிப்பாக்கத்தில். வயலும் இல்லை, மனைக்கட்டாகி, மஞ்சள் கல் நட்டு, ஆர்ச் எல்லாம் வைத்தாகிவிட்டது. முறை மட்டும் இருக்கிறது. போன வருஷம் அந்த மனைகளுக்கு ஆறு மணி நேரம் தண்ணீர் பாய்ந்தது. மஞ்சள் கல்லெல்லாம் சம்பா நாற்று மாதிரி முக்கால் முழுகி நின்றது. “மாத்தக் கூடாதா?” என்று தண்ணீர் திறந்துவிடுகிற லஸ்கரிடம் கேட்டேன். “அது அப்படித்தாங்கய்யா வர்ற வழக்கம்” என்றார். விர்ச்சுவல்பாக்ஸ்காரர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஜூன் 12-ல் மேட்டூரில் ஷட்டரைத் தூக்கினால் மூன்று நாலு நாளில் கல்லணை. அங்கிருந்து புதாறு பிடித்து, பெரிய கோவிலைப் பார்த்துக்கொண்டே தஞ்சாவூரைத் தாண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் இறங்கி, கடைமடையான எங்கள் வயலுக்கு வந்து சேர்வதற்குள் நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்போதுதான் வாய்க்காலில் ஒரு ஜேசிபி இறங்கித் தூர்வாரிக்கொண்டிருக்கும். தண்ணீர் வருகிற வாரத்தில்! மாசக்கணக்கில் வறண்டு கிடந்தபோது அந்த ஜேசிபி எங்கே போயிருந்தது என்று கேட்டால்...

எங்கே விட்டேன்? ஃப்ளாப்பி. டிக்கை எடுத்துவிட்டேன். அதே கறுப்பு. அதே ஆச்சரியக்குறி.

இரண்டாவது, ஐஎஸ்ஓவே பூட் ஆகிற ஜாதிதானா என்று பார்க்க வேண்டும். வட்டின் 17-வது செக்டாரில், பூட் விவரம் எங்கே கிடக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ‘எல் டோரிட்டோ’ என்று பெயர். 1995-ல் வந்தது. கலிஃபோர்னியாவில் இரண்டு எஞ்சினியர்கள் சாப்பிடப் போன ஹோட்டலின் பெயர் அது என்று சொல்வார்கள். நாமும் மூன்று தலைமுறையாக டபரா செட்டை முன்னால் வைத்துக்கொண்டு கூடிப் பேசுகிறோம். என்ன ஸ்டாண்டர்ட் பிறந்தது? கீழவீதியில் எந்தக் கடையில் பில்டர் காபி தேறும் என்பதில்கூட இன்னும் ஒருமித்த கருத்து வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பெங்களூரில் இருக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன்.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா மாமா?”

“பதினாலு தடவை.”

“ஐஎஸ்ஓவ டிரைவ்ல மாட்டினீங்களா?”

“இறக்கினேனே.”

“இறக்கினீங்க. மாட்டினீங்களா?”

மூன்றாவது அதுதான். இந்த மாதிரிக் கேள்வி கேட்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம் தருகிறார்கள் போலிருக்கிறது. பதில் சொல்லவில்லை. நெட்டிலேயே என் திரைக்குள் வந்தான். அம்புக்குறி நாலு இடத்தில் துள்ளியது. பாஸ் எழுந்து நின்றது.

“என்னடா பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணல மாமா. தூங்குங்க.”

நான் தூங்குகிற ஜாதியா? இன்ஸ்டாலை ஆரம்பித்தேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட். அரை மணி நேரம் ஓடியது. முடிவில், வட்டை எடுத்துவிட்டு என்டர் தட்டச் சொன்னது. இல்லாத வட்டை எங்கிருந்து எடுப்பது? சும்மா என்டர் தட்டினேன்.

திரும்ப எழுந்தது. மறுபடியும் அதே இன்ஸ்டால் மெனு. இன்னொரு தடவை தட்டினேன். அதே மெனு. ஆப்டிகலுக்கு இரண்டாம் முறை அல்லவா, மாட்டிய ஐஎஸ்ஓ அங்கே சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. அரை மணி நேரம் பாடுபட்டு பாஸைக் குடிவைத்த ஹார்ட் டிஸ்க் கடைமடையில் காய்கிறது.

ஒன்றேகாலுக்கு மறுபடி அக்கா மகனைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.