வாய்மொழி வரலாறும் வயோதிபர் படிவமும்

சிட்னியின் மேய்ஸ் ஹில்லில் நெடுஞ்சாலையோரம் முருகன் கோயில் எழுந்த 1999இல் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பிறகு சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கலையும் சமூகப்பணியும் சேர்ந்த ஐந்தாண்டு இரட்டைப் பட்டத்துக்குப் போனேன். "ஆற்றிலை ஒரு கால், சேற்றிலை ஒரு கால்" என்றார் அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர். அக்கறையில் சொன்னதுதான். ஊரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்தவர்களுக்கு, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நேரே வேலை தரும் படிப்புத்தான் படிப்பு.

கலைப் பக்கம் எனக்கு வரலாறு. வாய்மொழி வரலாற்று வகுப்பில் ஒன்றை மனதில் ஊறவைத்தார்கள்: "வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்காதே, "அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது?" என்று கேள். சமூகப்பணிப் பக்கம் ஆயிரம் மணிநேரக் களப்பயிற்சி, ஒரு சதம் சம்பளமில்லாமல். கண்டது வேறு, கேட்டது வேறு, நாமாக நினைத்தது வேறு என்று பிரித்து எழுதும் கை அங்கேதான் வந்தது.

இன்று முதியோர் வீட்டு உதவிக்கான மதிப்பீட்டின்போது குடும்பங்களோடு கூட இருப்பது என் வேலை. அண்மையில் ஒரு வீடு. எண்பது தாண்டிய அம்மம்மா, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கொரு குறையுமில்லைப் பிள்ளை. என்ரை வேலையெல்லாம் நானே செய்வன்."

இது அப்படியே படிவத்தில் ஏறினால் அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது. 2025 நவம்பர் 1 முதல் நடப்பிலுள்ள 'சப்போர்ட் அட் ஹோம்' திட்டத்தில் எட்டு நிலைகள். எந்த நிலை என்பது இந்தப் பதில்களில்தான் தங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்தவர் முன் குறை சொல்லாமல் இருப்பதே மரியாதை என்று வளர்ந்த தலைமுறைக்கு இதைவிடக் கொடிய பரீட்சை இல்லை.

மகள் முந்திக்கொண்டு பதில் சொல்லப் பார்த்தார். சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, "கடைசியா எப்ப குளிச்சனீங்கள் அம்மம்மா?" என்று கேட்டேன்.

"முந்தநாள். உள்ளை கால் வழுக்குமெண்டு பயம். மகள் வேலையாலை வந்து வாசல்லை நிண்டால்தான் போவன்."

அதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டோம். தலையசைத்தார். 'மகள் வாசலில் நிற்காமல் குளிப்பதில்லை, விழுந்துவிடும் பயம், அவரே கூறியது' என்று பதிவானது. கேள்வி வரலாற்று வகுப்பினுடையது, பதிவு களப்பயிற்சியினுடையது. ஒன்றில்லாமல் மற்றது அந்த மேசையில் கால்வாசி வேலைகூடச் செய்திருக்காது.

இப்போது களப்பயிற்சிக் காலத்தில் தகுதியுள்ள மாணவருக்கு அரசு உதவித்தொகை உண்டு. 2025 ஜூலையில் வாரம் 331.65 டொலரில் தொடங்கியது. எவ்வளவோ காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் கலைப் பக்கம் நடந்தது எனக்கு ஆறவில்லை. 2021இல் வரலாறு போன்ற பாடங்களுக்கு மாணவர் கட்டும் ஆண்டுத் தொகை ஏறத்தாழ 6,800 டொலரிலிருந்து 14,500க்கு ஏறியது. அதே ஆண்டு மருத்துவத்துக்கு 11,300, சமூகப்பணிக்கு 7,950. டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையைவிட வரலாறு படிக்கிற பிள்ளை கூடக் கட்ட வேண்டும்!

"அப்ப தனிச் சமூகப்பணி எடுத்தால் காசு மிச்சம்தானே அக்கா?" என்று கேட்டாள், என்னிடம் ஆலோசனைக்கு வந்த பிள்ளை. கணக்குச் சரி என்றேன். என்றாலும் விருப்பப்பாடமாக வரலாற்றில் இரண்டு பாடமாவது எடு, அதில் ஒன்று வாய்மொழி வரலாறாக இருக்கட்டும் என்று சொல்லி, பாடப் பட்டியலை அவளோடு சேர்ந்து திறந்தேன்.